தராசு சொல்லும் எடையும் ரிங்கில் ஏறும் எடையும்

குத்துச்சண்டை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது முகமது அலியும் மைக் டைசனும்தான். இரண்டு பேருமே ஹெவிவெயிட். எடைக்கு உச்சவரம்பே இல்லாத பிரிவு. அதனாலோ என்னவோ, இந்த விளையாட்டில் எடை என்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு பாக்ஸிங் பைத்தியம் பிடித்து, பழைய சண்டைகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கும் கோஷ்டியில் நானும் ஒருவன். பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி மட்டும் விடாமல் துரத்தியது. ஒரே எடைப் பிரிவில் மோதும் இரண்டு பேரில் ஒருவர் மட்டும் எப்படி அவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்? தராசு பொய் சொல்கிறதா?

தராசு பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்லும் உண்மை ஒரு நிமிடத்துக்குத்தான் செல்லும். குத்துச்சண்டையில் எடை ரொம்ப முக்கியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முக்கியமானது தராசில் ஏறும்போது இருக்கும் எடை அல்ல, ரிங்கில் ஏறும்போது இருக்கும் எடை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இருக்கிறது. அந்த இடைவெளியை நம்பி நடக்கும் கூத்துக்குப் பெயர்தான் 'வெயிட் கட்டிங்'. அது வீரனுக்குக் கொடுப்பதைவிட அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுதான் அதிகம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எடைப் பிரிவு எதற்கு?

1909-ல் லண்டனில் இருந்த நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப் பிரிவுகளை வரையறுத்தது. ஃப்ளைவெயிட் தொடங்கி ஹெவிவெயிட் வரை எட்டே எட்டு. இன்றைக்குத் தொழில்முறை குத்துச்சண்டையில் 17 பிரிவுகள். (டபிள்யூபிசி 2020-ல் சேர்த்த ஒன்றையும் கணக்கில் எடுத்தால் 18.) கீழ்ப் பிரிவுகளைப் பாருங்கள்: 105, 108, 112, 115, 118 பவுண்டு. மூன்று பவுண்டுக்கும் நான்கு பவுண்டுக்கும் ஒரு பிரிவு! மூன்று பவுண்டு என்றால் ஒன்றரைக் கிலோகூட இல்லை.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. குத்து என்பது கையிலிருந்து மட்டும் வருவதில்லை. பாதத்தில் தொடங்கி, இடுப்பு திரும்பி, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. மொத்த உடம்பும் அதன் பின்னால் நிற்கிறது. வாங்குகிறவன் பக்கமும் அப்படித்தான். கழுத்தும் உடம்பும் கனமாக இருந்தால் தலை குலுங்குவது குறையும். ஆக, எடை கூடினால் கொடுப்பதும் பலமாகும், தாங்குவதும் பலமாகும்.

2016 செப்டம்பரில் லண்டனில் நடந்த சண்டை இதற்கு நல்ல உதாரணம். கெல் புரூக் அப்போது 147 பவுண்டு பிரிவின் உலக சாம்பியன். அருமையான ஆட்டக்காரர். இரண்டு பிரிவு தாண்டி 160 பவுண்டில் கொலோவ்கினோடு மோதினார். ஆரம்ப ரவுண்டுகளில் அழகாகத்தான் ஆடினார். ஆனால் கொலோவ்கினின் குத்து வேறு ஜாதி. ஐந்தாவது ரவுண்டில் புரூக்கின் பயிற்சியாளர் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தினார். கண்குழி எலும்பு உடைந்திருந்தது. திறமை குறைவால் வந்த தோல்வி என்று யாரும் சொல்லவில்லை.

அப்போ எடைதான் எல்லாமா? அதுவும் இல்லை. 2024 மே மாதம் ரியாத்தில் உசிக் 223.5 பவுண்டு, டைசன் ஃபியூரி 262 பவுண்டு. கிட்டத்தட்ட 17 கிலோ வித்தியாசம். ஜெயித்தது உசிக். டிசம்பரில் மறுபடி மோதினார்கள், ஃபியூரி இன்னும் கனமாக வந்தார், மறுபடியும் உசிக்தான். ஹெவிவெயிட்டில் யாரும் பட்டினி கிடந்து தராசில் ஏற வேண்டியதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் தெம்பாக, வயிறார, தண்ணீர் குடித்து வந்தார்கள். அப்படி வரும்போது திறமையால் எடையை வெல்ல முடிகிறது.

கட்டிங் என்றால் என்ன?

இது டயட் இல்லைங்க. டயட்டில் கொழுப்பு குறையும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கட்டிங் என்பது கடைசிச் சில நாட்களில் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது. நம் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கணக்கு சுலபம்: நாலு லிட்டர் போனால் நாலு கிலோ போச்சு.

வழிமுறைகளும் பெரிய ரகசியம் இல்லை. சோறு, ரொட்டி வகைகளை நிறுத்துவார்கள். தசையில் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கழன்றுவிடும். உப்பை நிறுத்துவார்கள். சிலர் முதலில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு சட்டென்று நிறுத்துவார்கள். உடம்பு பழக்கதோஷத்தில் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை, காற்று புகாத பிளாஸ்டிக் உடை. அதுவும் போதாவிட்டால் சூயிங்கம் மென்று எச்சில் துப்புவது வரைக்கும் போகும்.

பிறகு தராசில் ஏறி, போட்டோவுக்கு முஷ்டி மடக்கிக் காட்டிவிட்டு, இறங்கியதும் பாட்டில் பாட்டிலாகக் குடிக்க ஆரம்பிப்பார்கள். தொழில்முறையில் எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள். மறுநாள் இரவுக்குள் ஐந்து கிலோ, எட்டு கிலோ ஏறிவிடும். மூன்று பவுண்டுக்கு ஒரு பிரிவு வைத்து, ஒரே நாளில் பதினைந்து பவுண்டு ஏற விட்டால் அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம்?

கட்டியும் கமாஷும்

2000 பிப்ரவரி 26, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆர்ட்டூரோ கட்டிக்கும் ஜோயி கமாஷுக்கும் சண்டை. ஒப்பந்த எடை 141 பவுண்டு. முந்தின நாள் கட்டி 141 என்று அறிவிக்கப்பட்டார். சண்டை இரவன்று எச்பிஓ டிவிக்காரர்கள் தங்கள் தராசில் நிறுத்திப் பார்த்தபோது கமாஷ் 145, கட்டி 160! அதாவது ஏழு கிலோ வித்தியாசம். ஒப்பந்தத்தில் ஒரே எடை, ரிங்கில் ஒரு வெல்டர்வெயிட்டுக்கு எதிராக ஒரு மிடில்வெயிட்.

இரண்டாவது ரவுண்டிலேயே கமாஷ் நாக் அவுட். மூளையில் காயம். அதன் பிறகு அவர் ரிங்கில் ஏறவே இல்லை. எடை பார்த்ததே சரியில்லை என்று நியூயார்க் மாநில ஆணையத்தின் மேல் வழக்கு போட்டார். பத்து வருடம் கழித்து, 2010-ல், ஆணையத்தின் பக்கம் கவனக்குறைவு இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நஷ்டஈடு கிடைக்கவில்லை.

இதைப் படித்ததும் 'அப்போ கட்டிங் பண்றவனுக்கு லாபம்தானே' என்று தோன்றும். ஒருவர் மட்டும் செய்தால் லாபம்தான். ஆனால் எல்லாரும் செய்தால்?

நம்ம ஊர் டியூஷன் கதைதான். வகுப்பில் ஒருவன் டியூஷன் போனான், ரேங்க் ஏறினான். அதைப் பார்த்து எல்லார் வீட்டிலும் அனுப்பினார்கள். இப்போது ரேங்க் எல்லாம் பழையபடிதான் இருக்கிறது, சாயங்காலம் விளையாடும் நேரமும் அப்பா அம்மாவின் பணமும் மட்டும் போய்விட்டது. ஆனாலும் யாரும் நிறுத்த முடியாது, நிறுத்தினவன் பின்தங்குவான். வெயிட் கட்டிங்கும் அச்சு அசல் இதுவே. 160 பவுண்டு ஆள் 147-க்கு இறங்குவான், எதிரில் நிற்பவனும் இன்னொரு 160 பவுண்டு ஆள். இருவரும் நேராக 160-லேயே மோதியிருக்கலாம். நடுவில் இரண்டு பேரும் ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றையும் வறட்டி எடுத்ததுதான் மிச்சம். ஒரே வித்தியாசம், டியூஷனுக்குப் போய் யாரும் செத்ததில்லை.

தண்ணீர் திரும்பும், எல்லாம் திரும்புமா?

குடித்தால் தண்ணீர் திரும்பிவிடுமே, அப்புறம் என்ன? இதுதான் கட்டிங் ஆதரவாளர்களின் முதல் வாதம். தராசு முள் திரும்புவது உண்மை. ஆனால் வயிற்றில் இறங்கிய தண்ணீர் எல்லாம் தசைக்கும் ரத்தத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்பு வறண்டிருக்கும்போது மூளை லேசாகச் சுருங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளையையும் அதன் உறையையும் இணைக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அப்போது இழுபட்டு நிற்கும், ஒரு பலமான குத்தில் அறுந்து போக வாய்ப்பு கூடும் என்பதுதான் மருத்துவர்களின் பயம். மற்ற விளையாட்டில் நீரிழப்பு என்றால் களைப்பு. குத்துச்சண்டையில் அதே நீரிழப்போடு தலையில் அடியும் வாங்க வேண்டும்.

1982 நவம்பர் 13, லாஸ் வேகஸ். தென் கொரியாவின் கிம் டுக்-கூ, அமெரிக்காவின் ரே மான்சினி. 135 பவுண்டு எல்லையைத் தொட கிம் மிகவும் கஷ்டப்பட்டார். 14-வது ரவுண்டில் விழுந்தார், மூளையில் ரத்தக்கசிவு, சில நாளில் மரணம். அந்த அடிகளே கொல்லப் போதுமானவை, எடைக் குறைப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மரணத்துக்குப் பிறகு 15 ரவுண்டு 12 ஆனது. அந்தப் பத்தாண்டில்தான் எடை பார்ப்பதும் சண்டை நாளிலிருந்து முந்தின நாளுக்கு நகர்ந்தது. வீரனுக்கு உடம்பு தேற ஒரு நாள் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம். என்ன நடந்தது? ஒரு நாள் அவகாசம் இருக்கிறதே என்று இன்னும் அதிகமாகக் குறைக்க ஆரம்பித்தார்கள். பாதுகாப்புக்கு வந்த விதி, பந்தயத்துக்குப் பெட்ரோல் ஊற்றிவிட்டது.

சாகாவிட்டாலும் ஆட்டம் போய்விடும். 2008 டிசம்பர் 6, ஆஸ்கர் டி லா ஹோயா, மேனி பாக்கியாவ். டி லா ஹோயா 160 பவுண்டு வரை பட்டம் வாங்கியவர். பாக்கியாவ் அதற்கு முந்தின சண்டையில் 135 பவுண்டில் ஆடியவர். சின்னப் பையனைப் பெரிய ஆள் நசுக்கப் போகிறார் என்று பலர் எழுதினார்கள். ஒப்பந்தம் 147-க்கு. டி லா ஹோயா அந்த எடையில் ஆடி ஏழு வருடம் ஆகியிருந்தது. வற்றி வறண்டு 145-ல் வந்து நின்றார். பாக்கியாவ் 142. சண்டை இரவில் எச்பிஓ கணக்குப்படி டி லா ஹோயா 147, பாக்கியாவ் 148.5. கவனித்தீர்களா? உயரமான 'பெரிய' ஆள் அன்று ரிங்கில் எடை குறைந்தவர். உடம்பு தண்ணீரைத் திரும்ப ஏற்றுக்கொள்ளவே இல்லை. எட்டு ரவுண்டு அடி வாங்கி, ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவர் ஆடவே இல்லை.

ராய் ஜோன்ஸ் கதையும் இதே மாதிரி. 2003 மார்ச்சில் 193 பவுண்டில் நின்று, 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். 33 பவுண்டு குறைவாக இருந்தும் வெற்றி! அதே ஆண்டு நவம்பரில், ஏற்றிய தசையை எல்லாம் கரைத்து 175-க்கு இறங்கி டார்வரோடு ஆடினார். ஜெயித்தார், ஆனால் தட்டுத் தடுமாறி. 2004 மே மாதம் அதே டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் நாக் அவுட். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் தன்னைவிட 15 கிலோ கனமானவரிடம் ஆடியபோது தெரியாத பலவீனம், தன் 'சொந்த' எடைக்குத் திரும்பியபோது தெரிந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் பாக்கியாவ்தான். 1998-ல் 112 பவுண்டு உலக சாம்பியன் ஆனார். 1999 செப்டம்பரில் அந்த எடையைத் தொட முடியாமல் பட்டத்தை தராசிலேயே இழந்தார். வறண்ட உடம்போடு தாய்லாந்தில் சண்டையும் போட்டு, மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார். அப்போது அவருக்கு வயது 20. இன்னும் கொஞ்சம் பட்டினி கிடந்து 112-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அவர் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். அவர் என்ன செய்தார்? நேராக 122 பவுண்டுக்குப் போனார். 2001 ஜூனில் அந்தப் பிரிவின் உலக சாம்பியன். பிறகு நடந்தது வரலாறு, மொத்தம் எட்டுப் பிரிவுகளில் உலகப் பட்டம். மேலே போனதால் கெட்டுப் போகவில்லை, பிழைத்தார்.

'அது அவனவன் விருப்பம்'

அடுத்த வாதம் இது. யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, எடையைத் தொடுவதும் ஒரு ஒழுக்கம், தொழில் நேர்மை, முடியாதவன் அபராதம் கட்டட்டும். சரி, அபராதம் என்ன சாதித்தது என்று பார்க்கலாம்.

2009-ல் மேவெதர், மார்க்கெஸோடு 144 பவுண்டு ஒப்பந்தத்துக்கு 146-ல் வந்தார். 6 லட்சம் டாலர் கொடுத்தார், சுலபமாக ஜெயித்தார். 2024 ஏப்ரலில் ரயன் கார்சியா 140-க்கு பதில் 143.2. அவரும் பணம் கொடுத்தார், டெவின் ஹேனியை மூன்று முறை கீழே தள்ளினார். (பிறகு ஊக்கமருந்து சோதனையில் சிக்கி அந்த முடிவே ரத்தானது வேறு கதை.) காசு இருப்பவனுக்கு அபராதம் என்பது டிக்கெட் மாதிரி. வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம்.

மறுபக்கம் 2025 ஏப்ரல், லண்டன். கிறிஸ் யூபாங்க் ஜூனியருக்கும் கோனர் பென்னுக்கும் 160 பவுண்டில் சண்டை. யூபாங்க் 160.05. அதிகமாக இருந்தது 0.05 பவுண்டு, அதாவது சுமார் 23 கிராம். ஒன்றரை மேசைக்கரண்டி தண்ணீர்! அதற்கு அபராதம் 3,75,000 பவுண்டு பணம். அது மட்டுமல்ல, சண்டை நாள் காலையில் 170-க்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்றும் ஒப்பந்தம். பன்னிரண்டு ரவுண்டு ஆடி யூபாங்க் ஜெயித்தார், முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த 23 கிராமைக் கண்டுபிடிக்க ஒரு தராசு இருந்தது. அதைத் தொடுவதற்குள் உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் போனது என்று பார்க்கத்தான் விதியில் இடமில்லை.

தராசையே ஏமாற்ற முயன்ற கதைகூட உண்டு. 2005 மே மாதம் கொராலேஸும் காஸ்தியோவும் 135 பவுண்டில் ஆடிய சண்டையை இந்த நூற்றாண்டின் சிறந்த சண்டைகளில் ஒன்று என்பார்கள். (பார்க்காதவர்கள் பத்தாவது ரவுண்டையாவது பாருங்கள்.) அக்டோபரில் மறுசண்டை. காஸ்தியோவால் எடையைத் தொட முடியவில்லை. அவரோடு வந்த ஒருவர் தராசுக்கு அடியில் காலை நுழைத்துத் தூக்கிவிடப் பார்த்து மாட்டிக்கொண்டார். காஸ்தியோ 138.5. ஆனாலும் சண்டை நடந்தது, அவரே நாலாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். 2006 ஜூனில் மூன்றாவது சண்டைக்கு மறுபடியும் எடை அதிகம், இம்முறை சண்டையே ரத்து. உடம்பு 'இது என் எடை இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்லியது. கேட்கத்தான் ஆளில்லை.

நாம் கைதட்டுவது எதற்கு?

இது ஏதோ அமெரிக்காக்காரன் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெச்சூர் போட்டிகளில் ஆட்ட நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள், எனவே கட்டிங் அளவு குறைவு. ஆனால் பழக்கம் அங்கேயும் உண்டு. 2018 செப்டம்பரில் போலந்து போட்டிக்குப் போன மேரி கோம், அதிகாலை இறங்கியபோது 48 கிலோ எல்லைக்கு மேல் இரண்டு கிலோ இருந்ததாகவும், ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் ஆடி நாலு மணி நேரத்துக்குள் குறைத்ததாகவும் அவரே சொன்னார். தங்கம் வென்றார். பத்திரிகைகள் எல்லாம் 'மன உறுதி' என்று கொண்டாடின. மேரி கோமின் உறுதியில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் நாம் கைதட்டியது ஒரு பெண் வெறும் வயிற்றோடு உடம்பைப் பிழிந்ததற்கு.

ஆறு வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட், பாரிஸ் ஒலிம்பிக். இது மல்யுத்தம், ஆனால் கதை ஒன்றே. 53 கிலோவில் ஆடிவந்த வினேஷ் போகட் 50 கிலோவுக்கு இறங்கியிருந்தார். ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஜெயித்து இறுதிக்குப் போனார். இரவு எடை 2.7 கிலோ அதிகம். தூக்கமில்லாமல் ஓட்டம், நீராவி, முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் 100 கிராம் அதிகம், தகுதி நீக்கம், பதக்கம் இல்லை. நாடே கொந்தளித்தது. 'சதி', 'நூறு கிராம்தானே' என்று பேசினோம். ஒரு இரவில் இரண்டரைக் கிலோவைப் பிழிந்து எடுக்க வேண்டிய நிலைக்கு ஒரு வீராங்கனை ஏன் வந்தார் என்று பேசியவர்கள் குறைவு. நாலு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் வீரம், நூறு கிராம் மிஞ்சினால் சோகம். இரண்டும் ஒரே வழக்கத்தின் இரண்டு முடிவுகள் என்று ஏன் நமக்குத் தோன்றவில்லை?

என்னோடு படிக்கும் ஒருவன், பெயர் வேண்டாம், பல்கலைக்கழகப் போட்டிகளில் 60 கிலோவில் ஆடுகிறவன். ஹாஸ்டலில் நன்றாகச் சாப்பிட்டு நடமாடும்போது 65. போன முறை போட்டிக்கு முந்தின மதியம் இரண்டு டிராக் சூட், அதற்கு மேல் ரெயின் கோட் போட்டுக்கொண்டு வெயிலில் கிரவுண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் டாக்டர் கிடையாது. காலையில் 59.9. எல்லாரும் கைதட்டினார்கள். சாயங்காலம் மூன்றாவது ரவுண்டில் அவன் கால் நகரவே இல்லை. ஏன்டா மேல் பிரிவில் ஆடக் கூடாது என்று கேட்டால், 'அங்க இருக்கிறவன் எல்லாம் எழுபதுலேர்ந்து இறங்கினவன்டா' என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை அவனவன் விருப்பம் என்று விட முடியாது. ஒருத்தன் மட்டும் நல்லவனாக இருந்தால் அவன்தான் அடி வாங்குவான். விதி மாறினால்தான் எல்லாரும் சேர்ந்து மாற முடியும்.

என்ன செய்யலாம்?

சண்டைக்கு ஒரு மணி நேரம் முன்பு எடை பார்த்தால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். தனியாக அதை மட்டும் செய்தால் ஆபத்து. அப்போதும் சிலர் குறைப்பார்கள், வறண்ட உடம்போடு நேராக ரிங்கில் ஏறுவார்கள். எடையோடு சேர்த்து உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இது கனவு இல்லை, பக்கத்து விளையாட்டுகளில் நடந்திருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும்போதே அடுத்தடுத்து இறந்தார்கள். எல்லாம் ஐந்து வாரத்துக்குள். மூன்று பேரும் நம் வயசுப் பையன்கள். உடனே விதிகள் மாறின. ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை. சீசன் தொடங்கும்முன் சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, இந்த வீரன் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஆளுக்கு ஒரு எல்லை. எடை பார்ப்பதும் போட்டிக்கு நெருக்கமாக வந்தது. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கும்போது இறந்த பிறகு, ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய கலப்புச் சண்டை அமைப்பும் சிறுநீர்ச் சோதனையைக் கொண்டு வந்தது.

குத்துச்சண்டையிலும் துண்டு துண்டாக முயற்சிகள் உண்டு. டபிள்யூபிசி பட்டச் சண்டைக்கு 30 நாள் முன்பு எல்லைக்கு மேல் 10 சதவீதத்துக்குள்ளும், 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று வைத்தது. ஐபிஎஃப் பல ஆண்டுகள் சண்டை நாள் காலையிலும் எடை பார்த்து, 10 பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்றது. 2017-ல் கலிஃபோர்னியா ஆணையம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறவர்களை மேல் பிரிவுக்குப் போகச் சொல்ல ஆரம்பித்தது. எல்லாம் நல்லதுதான், ஆனால் ஆளுக்கொரு விதி. ஒரு பட்டத்துக்கு ஒரு நியாயம், ஒரு ஊருக்கு ஒரு நியாயம் என்று இருந்தால் வீரன் எங்கே சுலபமோ அங்கே போவான்.

என்னைப் பொறுத்தவரை மூன்று விஷயம் போதும். ஒன்று, தராசில் ஏறும் முன் சிறுநீர்ச் சோதனை. வறண்டிருந்தால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் செல்லாது. இரண்டு, சண்டை நாளன்று மறுபடி எடை. பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் சண்டை இல்லை, அபராதம் கட்டித் தப்பிக்கவும் வழியில்லை. மூன்று, அப்படி ஏறியவருக்கு அடுத்த சண்டை மேல் பிரிவில்தான். இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு தராசு, ஒரு சோதனைக் குச்சி, ஒரு டாக்டர். கல்லூரிப் போட்டிக்குக்கூட கட்டுப்படியாகும்.

இப்படி வந்தால் பல சாம்பியன்கள் ஒரு பிரிவு மேலே போக வேண்டியிருக்கும். போகட்டுமே. எல்லாரும் சேர்ந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை, அதே ஆட்கள்தான் அங்கேயும் எதிரில் நிற்பார்கள். இந்தத் தடவை இரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பார்கள், அவ்வளவுதான். ரசிகனாக எனக்கும் அதில் லாபம். வாடி வதங்கிய இரண்டு பேரை அல்ல, முழு பலத்தோடு இரண்டு பேரைப் பார்க்கலாம்.

நம் கல்லூரியில் குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல் ஆடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் சொன்னது தப்பு என்றாலும் பரவாயில்லை, சண்டை போடலாம். எடை பார்க்காமல்!